கருப்பாயி லீவில் இருந்த வருஷம்

"கருப்பாயி. பெண். வயது முப்பது இருக்கலாம். கணவனுடன் வசிப்பவள். உடல்நலம் நன்று. வேலையில் ஊக்கம் இல்லை. கேளிக்கைகளில் நாட்டம் மிகுந்தவள். விடுமுறைக் காலம் முழுவதையும் பிள்ளைகளுடன் திருவிழாக்களிலும் கல்யாண விருந்துகளிலும் கழித்தவள்."

மலாயாவில், பாலோவுக்கு அப்பால் எட்டாவது மைலில் இருந்த எட்டாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில், 1930-ஆம் வருஷம் தீபாவளிக்கு முன்னால், யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதற்காக ஆபீசில் எழுதிய குறிப்பு இது. எழுதியவர் பொய்யர் அல்லர். விசாரித்துத்தான் எழுதினார். திருவிழாவுக்குப் போனாளா? போனாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாளா? ஒன்றுக்கு இரண்டு தடவை உட்கார்ந்தாள். உடல்நலம்? நிமிர்ந்து நின்றாள், அது போதும். கணவனுடன் வசிப்பவள் என்ற ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கல். அவள் புருஷன் செல்லப்பன் சித்திரை பிறந்த கையோடு சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை தேடிப் போனவன், அதுவரை திரும்பவில்லை. மற்றபடி ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மைகளை மட்டும் அடுக்கி, இல்லாத ஒருத்தியை உண்டாக்குவதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பு அவருக்கு இருந்தது.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்தது. விழுந்ததைத் தூக்கி நிறுத்துவதற்காக, மே மாதம் முழுவதும் பாலுக்கு மரம் சீவுவதில்லை என்று தோட்ட முதலாளிகள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் லீவு. லீவு என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு பொருள் உண்டு. துரைக்கு லீவு என்றால் மலைக்காற்று. மரத்துக்கு லீவு என்றால் பட்டை ஆறும், பால் ஊறும். கூலிக்கு லீவு என்றால் அரிசி கிடையாது. ஐயாசாமி கங்காணி விடிகாலைப் பெரட்டில், பெயர் கூப்பிட ஆட்களை வரிசையாக நிறுத்தி இதைச் சொன்னபோது, பெரியவர்கள் வீட்டுப் பானையில் மிச்சமிருந்த அரிசியைக் கணக்குப் போட்டார்கள். சந்தோஷப்பட்டவர்கள் குழந்தைகள் மட்டும்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியாரின் பிள்ளைகள் குளுவாங் டவுனில் தங்கிப் படித்தார்கள். அவர்கள் லீவுக்கு வந்தால் புதுச்சட்டை வரும், முறுக்கு வாசனை வரும், மாட்டுவண்டியில் எங்காவது போய் வருவார்கள். கூலிகள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று லீவு என்றால் என்ன என்பதைக் கண்ணால் படித்திருந்தார்கள். ஆகவே கருப்பாயியின் மூத்தவள் தனலெட்சுமி, ஏழு வயசுக்குரிய கண்டிப்போடு அம்மாவைக் கேட்டாள், நமக்கும் லீவுதானே என்று. அடுத்தவன் மணியம், ஐந்து வயசுக்காரன், ரயிலில் போகலாமா என்றான். காற்று திரும்பினால் பாலோ ஸ்டேஷனில் ஊதுகிற சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்கும். அவன் உலகத்தில் அதைவிடப் பெரிய விஷயம் இல்லை. கடைக்குட்டி சின்னத்தம்பி இடுப்பில் இருந்தான், அவன் ஒன்றும் கேட்கவில்லை.

கருப்பாயி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "லீவுதான். தெனமும் எங்கயாச்சும் போவோம். ரயிலு கடைசில. லீவு முடியுறப்ப."

அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

லீவு தொடங்கி அரிசிப் பானை அடி தெரிய ஆரம்பித்த ஒரு சாயங்காலம் பேச்சியம்மாள் வந்தாள். ஐயாசாமி கங்காணியின் மனைவி. லயத்துக்கு வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு உட்கார்ந்தாள். அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"ஏ கருப்பாயி, என் தங்கச்சி ராஜம்மா தங்காக்ல துணிக்கட வச்சிருக்கால்ல? கட நெறைய துணி. வீட்ல போட்டுக்க ஒரு புள்ள இல்ல. மூணுல ஒண்ணக் குடு. அது அங்க ராசா மாதிரி இருக்கும். மிச்சம் ரெண்டும் இங்க உசுரோட இருக்கும்."

"அவங்கப்பா வந்துரட்டும் கங்காணியம்மா."

"வர்றவனா இருந்தா போயிருக்கவே மாட்டான்."

பேச்சியம்மாள் கெட்டவள் அல்ல. பசி வந்த வருஷங்களில் பிள்ளையை வசதியான வீட்டில் விடுவது லயத்தில் புதுசும் அல்ல. அப்படி விட்டவர்களை யாரும் குறை சொன்னதில்லை. விடப்பட்ட பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் பெற்ற தாயைக் கடையில் பார்த்து, என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். தங்காக் பக்கத்து ஊரும் அல்ல. ரயிலில் சிகாமட் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, லேடாங் மலை தெரிகிற திசைக்குப் போக வேண்டும். கருப்பாயி அந்த மலையைக் கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளும் மூன்றாகவே இருக்க வேண்டும் என்பதற்கு அப்பால் அவளிடம் அன்றைக்கு யோசனை எதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளியை அதற்கு முந்தின வாரம்தான் காட்டுப்பன்றி தோண்டிவிட்டுப் போயிருந்தது.

சித்திரைப் பௌர்ணமிக்கு ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கோயிலில் பூசை. அங்கே சோறு போடுவார்கள் என்று கேள்வி. ஆனால் ஒரு தோட்டத்துப் பூசைச் சோறு அந்தத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு, வரி கொடுத்தவர்களுக்கு. கருப்பாயி கொடுக்கவில்லை. ஓரமாக நின்றால் மிச்சம் மீதி கிடைக்காதா என்றுதான் கிளம்பினாள். வெயில் சின்னத்தம்பியின் தலையைச் சுட்டது. சடக்கு ஓரத்தில், ரோட்டை ஒட்டி, ஒரு மலாய்க்காரம்மாவின் தோட்டத்தில் வாழை இருந்தது. கைச்சாடையில் கேட்டாள், அந்தம்மா தலையாட்டினாள். பிள்ளைக்குக் குடையாக ஒன்று வெட்டினாள். தனலெட்சுமி தனக்கும் என்றாள், மணியம் தனக்கு இரண்டு என்றான். கடைசியில் நாலு பேரும் ஆளுக்கு ஒன்றிரண்டு இலைகளைப் பிடித்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் போய் நின்றார்கள்.

அடுப்படியிலிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. சோறு வெந்துவிட்டது, ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள், இலை பற்றவில்லை.

"எல வர்ற நேரமாம்மா இது? குடு குடு. புள்ளைங்கள அந்தப் பந்தியில ஒக்கார வையி."

இவ்வளவுதான் நடந்தது. ஒரு பெண்ணின் நாலு மாதச் சீவனம் இந்த இரண்டு வரியில் கிடைத்துவிட்டது.

கருப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் நடந்ததன் காரணத்தை வீடு திரும்புவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். எந்த விசேஷத்திலும் அரிசி கணக்காக வரும், காய் கணக்காக வரும், இலை மட்டும் குறையும். சும்மா கிடைக்கிற பொருள் என்பதால் எல்லோரும் மற்றவர் கொண்டுவருவார் என்று இருந்துவிடுவார்கள். ஆகவே இலைக்கட்டோடு வருகிறவள் யாராவது அனுப்பிய ஆளாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணமென்றால் இன்னும் வசதி. பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை பக்கம் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கம் என்று. நீ யார் என்று கேட்டுவிடலாமே என்றால், முடியாது. விசேஷ வீட்டில் ஒருத்தரைப் பார்த்து நீ யார் என்று கேட்டு, அவர் சம்பந்தியின் சித்தப்பா மகளாக இருந்துவிட்டால் அந்தச் சண்டை பேரன் காலம்வரை நடக்கும். மரியாதை என்பது கேட்காமல் இருப்பது. கருப்பாயி அந்த மரியாதையின் கீழ் மூன்று பிள்ளைகளை உட்கார வைத்தாள்.

சும்மாவும் சாப்பிடவில்லை. இலை துடைத்தாள், தேங்காய் துருவினாள், அண்டா கழுவினாள். அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்தவர்கள் இவள் நெருங்கிய சொந்தம் என்றே முடிவு கட்டினார்கள். வாழை கொடுத்த மலாய்க்காரம்மா பெயர் மாக் மினா. காய்ந்த சருகுகளை அறுத்துச் சுத்தம் செய்து தர வேண்டும், இலை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குள் கைச்சாடையிலேயே ஏற்பாடு ஆகிவிட்டது.

மே முடிந்தது. லீவு முடியவில்லை. விலை எழுந்திருக்க மறுத்துவிட்டதால், எட்டாங்கட்டைத் தோட்டத்தில் பாதி மரத்துக்கு மேல் சீவ வேண்டாம் என்று உத்தரவாயிற்று. கருப்பாயியின் மரங்கள் மற்ற பாதியில் இருந்தன. ஒருபக்கம் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அதனால் விசேஷங்கள் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கூடிவிட்டன. ஊருக்குப் போகுமுன் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றவர்கள் அவசரப்பட்டார்கள். பஞ்சம் வந்த வருஷத்தில் அந்த வட்டாரத்தில் மேளச்சத்தம் ஓயவில்லை. சாப்பாடு மட்டும் மெலிந்தது: வைகாசியில் பாயசம் இருந்தது, ஆனியில் பாயசத்தின் நிறம் இருந்தது.

பிள்ளைகளுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. இலையில் விழுந்தவுடன் கை வைக்கக் கூடாது. பக்கத்தில் உள்ளவர் தொட்ட பிறகுதான். அள்ளக் கூடாது, மெதுவாக, வயிறு நிறைந்தவர்களைப் போலச் சாப்பிட வேண்டும். இரண்டாம் முறை கேட்கக் கூடாது, போட்டால் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லி, பிறகு விட்டுவிட வேண்டும். யாராவது பெயர் கேட்டால் சிரிக்க வேண்டும். இவையெல்லாம் லீவுக்குப் போகிற பெரிய வீட்டுப் பிள்ளைகளின் பழக்கம் என்று அம்மா சொல்லியிருந்தாள். மணியம் இதில் தேர்ந்தவன் ஆனான். பசியோடு உட்கார்ந்து, ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் பந்தலைச் சுற்றிப் பார்க்கிற அளவுக்கு.

தாய் தான் பட்டினி கிடந்து பிள்ளைகளுக்கு ஊட்டினாள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கருப்பாயி அதைச் செய்யவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். முதல் பந்தியில் பிள்ளைகளோடு ஒரு தடவை, கடைசிப் பந்தியில் வேலைக்காரர்களோடு ஒரு தடவை. கைக்குழந்தை பால் குடிக்கிறான், அடுத்த விசேஷத்துக்கு ஒன்பது கட்டையோ பத்துக் கட்டையோ நடக்க வேண்டும், பாதி வழியில் மணியத்தையும் தூக்க வேண்டும். அவள் விழுந்தால் நாலு பேரும் விழுவார்கள். தியாகம் செய்ய அவளுக்கு வசதியில்லை.

ஆனி பிறக்குமுன் ஒரு வேதக்காரக் கிராணியார், சந்தனசாமி என்று பெயர், அந்தோனியார் திருநாளுக்குச் சோறு போட்டார். மணியம் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு இது எந்தச் சாமி என்று கேட்டான். சோறு போடுகிற சாமியிடம் பெயர் கேட்கக் கூடாது என்று தனலெட்சுமி அவனைக் கிள்ளினாள். அவளுக்கு விஷயம் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருந்தது. பிடிபட்டதை அம்மாவுக்குக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து மணியத்துக்கு லீவு நடத்தினார்கள்.

ஒரு நாள் பன்னிரண்டாங்கட்டைக்குக் கல்யாணம் என்று போனால், பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரைத் திடீரென்று கப்பலுக்கு அனுப்பிவிட்டார்களாம். அடுப்புக் கல்லெல்லாம் ஆறிப்போய்க் கிடந்தது. கருப்பாயி இலைக்கட்டை இறக்காமலே திரும்பினாள். வழியில் மணியம் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டான்.

"இன்னைக்கு வெரதம். பெரியவங்கதான் இருப்பாங்க. இந்தத் தடவ ஒன்னையும் சேத்துக்கிட்டாங்க."

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். இரண்டு கட்டை தாண்டியதும் விரதத்தை முடித்துவிடலாமா என்றான். ஓடைத் தண்ணீர் குடித்தார்கள்.

பிறகு ஆடி வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. மாரியம்மனுக்கு ஊற்றிய கூழ் ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது, அடுத்த வெள்ளிக்கிழமை கம்பு வாங்க வழியில்லை என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். நபி பிறந்த நாளுக்கு மாக் மினா வாழையிலையில் புளுட் அரிசி, ஒட்டிக்கொள்கிற ஒரு வகை அரிசி, கட்டிக் கொடுத்தாள். தேங்காய்ப்பால் ஊற்றி வேகவைத்த அந்தச் சோறு ஒரு முழுநாள் வந்தது. மற்ற நாட்களில் கீரை, காட்டுக்கிழங்கு, திரும்பவும் கீரை. சின்னத்தம்பி அழுவதை நிறுத்தினான். லயத்தில் அழாத பிள்ளையைப் பார்த்தால் சமர்த்து என்பார்கள். கருப்பாயி இரவெல்லாம் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸரிடம் போனாள். அவர் பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லை, சத்துக் குறைவுதான் என்று சொல்லி, குவினைன் கொடுத்தார். அவரிடம் இருந்தது அதுதான்.

பேச்சியம்மாள் இரண்டாம் தடவை வந்தபோது சின்னத்தம்பியைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். ராஜம்மா ஆவணியில் வருகிறாள் என்றாள் பிறகு. பாலோ ஸ்டேஷன் பக்கத்தில், ரயில்பாதை மேஸ்திரி தங்கராஜு வீட்டுக் கல்யாணத்துக்கு. அவள் கேட்பது சின்னதை அல்ல, நடக்கிற பிள்ளையாக. மணியத்தைக் கொடுத்தால், அவன் பங்குச் சோறும் இந்தக் குஞ்சுக்குப் போகும் இல்லையா?

கருப்பாயி பதில் பேசவில்லை. அதைக் கங்காணியம்மா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அது சம்மதம்தான்.

மேஸ்திரி வீட்டுக் கல்யாணத்துக்கும் கருப்பாயி இலைக்கட்டோடுதான் போனாள். பழக்கம். பின்பக்கம் உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்தபோது, பட்டுச்சேலை கட்டிய ஒரு கனத்த பெண் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தானும் ஓர் இலையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே, "நீ எந்தப் பக்கம்மா?" என்றாள்.

நாலு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. துணிக்கடைக்காரி; கல்யாணத் துணி எடுக்க வருகிறவர்களை எல்லாம் எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் சேலையைப் பிரித்துப் போடுவாள். நாக்கு அவளையறியாமல் கேட்டுவிட்டது. கருப்பாயி இதற்கென்று வைகாசியிலேயே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள், மாப்பிள்ளையின் அத்தை வழியில் ஓர் உறவு. அது இப்போது ஞாபகம் வரவில்லை.

"எலப் பக்கம்," என்றாள்.

ராஜம்மா முக்காலி ஆடும்படி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"நீதான் கருப்பாயியா?"

அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. பந்தியில் ராஜம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மணியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணியம் முந்தின நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. பக்கத்தில் உள்ளவர் தொட்ட பிறகு சோற்றைத் தொட்டான். நிதானமாகப் பிசைந்தான். பந்தலைச் சுற்றிப் பார்த்தான். சாம்பார்க்காரர் குனிந்தபோது வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னான். பையனுக்கு என்ன வளர்ப்பு, எவ்வளவு அளவாகச் சாப்பிடுகிறான் என்று ராஜம்மா பக்கத்திலிருந்த அக்காளிடம் உருகிப்போய்ச் சொன்னாள். பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகக் கருப்பாயி சொல்லிக்கொடுத்த பாடம் இப்படியும் வேலை செய்தது.

சாப்பாடு முடிந்து ராஜம்மா அவளைத் தனியே கூட்டிப் போனாள். இவள் முரடியாகவோ கஞ்சப் பேயாகவோ இருந்திருந்தால் கருப்பாயிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் பறிச்சிட்டுப் போகலம்மா. வருசத்துக்கு ஒருவாட்டி வந்து பாரு, நானே ஆள் அனுப்புறேன். படிக்க வப்பேன். மூணு வேள சோறு. ஒம் மனசுக்கு ஒப்பலன்னா இப்பவே சொல்லிரு, கோவிச்சுக்க மாட்டேன்."

கருப்பாயி இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"மீனு குடுத்தா முள்ளு எடுத்துட்டுக் குடுக்கணும். அவனுக்கு எடுக்கத் தெரியாது."

"எடுத்துக் குடுக்குறேன்," என்றாள் ராஜம்மா.

மத்தியான ரயிலுக்கு எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். கைப்பையிலிருந்து ராஜம்மா ஒரு புதுச்சட்டை எடுத்தாள். அளவு தெரியாமல் தைத்தது, முழங்கால் வரைக்கும் வந்தது. மணியம் அதைப் போட்டுக்கொண்டு நடைமேடையில் இங்கும் அங்கும் நடந்தான். இந்த அம்மாவோடு ரயிலில் போகிறாயா என்று கேட்டபோது, அவன் கருப்பாயியைத் திரும்பிப் பார்த்து, லீவு முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவனுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. லீவு முழுக்க அம்மா சொன்ன இடமெல்லாம் உண்மையாகவே இருந்தது, விரத நாள் போக மற்ற நாளில் சோறும் இருந்தது. சொன்ன ரயிலும் வருகிறது. அழுவான், காலைக் கட்டிக்கொள்வான், அப்போது என்ன செய்வது என்று இரவெல்லாம் பயந்திருந்தாள். அவன் அழவில்லை. அழுதிருந்தால் அந்த அழுகையைச் சாக்காக வைத்து மறுத்துவிடலாம் என்று ஒரு மூலையில் நம்பியும் இருந்தாள். அதுவும் போயிற்று.

ரயில் வந்தது. ஏறினான். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, வயிறு நிறைந்தவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

தனலெட்சுமி இந்த ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொள்ளவில்லை. அல்லது, ரயிலைப் பார்த்ததும் திரும்பவும் ஏழு வயசுக்காரி ஆகிவிட்டாள். "அவனுக்கு மட்டும் ஏன்? நாந்தான பெரியவ?" என்று அம்மாவின் சேலையை இழுத்தாள்.

லீவு முழுக்க இந்த வழக்கு நடந்தது. யாரைத் தூக்குவது, யார் முதலில் இலைக்கு உட்காருவது, யாருக்கு அப்பளம். அதற்கு ஒரே தீர்ப்புதான். கருப்பாயி வாய் அதைத் தானாகச் சொல்லிற்று.

"அடுத்தது நீதான்."

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அடுத்தது இவள்தான். ஆவணி முடிந்து புரட்டாசி, புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. அப்போதும் சின்னத்தம்பி அழாமல் கிடப்பான். அப்போதும் யாராவது வருவார்கள். நல்லவர்களாகவே வருவார்கள். வந்து உட்கார்ந்து, ரெண்டில் ஒன்று என்பார்கள்.

கார்டு ஊதினார். கருப்பாயி இடுப்புப் பிள்ளையைத் தனலெட்சுமியின் கையில் திணித்துவிட்டுப் பெட்டியில் ஏறினாள். மணியத்தின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்தாள். அப்போதுதான் அவன் அழுதான், ஸ்டேஷன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி. நடைமேடையில் யாரோ பிள்ளை பிடிக்கிறவள் என்று கூவினார்கள். பேச்சியம்மாள் கீழே நின்று, ஏண்டி, ஏண்டி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ராஜம்மா தடுக்கவில்லை. வாயைத் திறந்து, "ஏம்மா?" என்றாள், ஒரே ஒரு தடவை.

"லீவு இன்னும் முடியலம்மா," என்றாள் கருப்பாயி.

வண்டி நகர்ந்தபோது மணியம் சட்டையோடு கீழே இருந்தான். அதைக் கழற்றிக் கொடுக்க அவள் பட்டனில் கை வைத்தாள். ராஜம்மா ஜன்னலிலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

எட்டுக் கட்டையும் அவன் அழுதுகொண்டே வந்தான். தூக்கவும் விடவில்லை. நீ பொய்க்காரி, நீ பொய்க்காரி என்றான். லீவில் அவன் அம்மா சொன்ன பொய்கள் அத்தனையையும் நம்பினவன், கடைசியில் அவள் செய்த ஒரே நேர்மையான காரியத்துக்காக அவளைப் பொய்க்காரி என்று சொன்னான். கருப்பாயி மறுக்கவில்லை. மாக் மினாவின் வீட்டைத் தாண்டும்போது நின்று, மறுநாளைக்கு இலை வெட்டிக்கொண்டாள். ஆவணி இன்னும் பாக்கியிருந்தது.

தங்கை முன்னால் தலைகுனிந்ததைப் பேச்சியம்மாள் மறக்கவில்லை. மனைவி மறக்காததைக் கங்காணி மறக்க முடியாது. ஆட்களைப் பற்றி எழுத ஆபீசிலிருந்து கேட்டபோது, ஐயாசாமி கங்காணி கருப்பாயியைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவள் எங்கெங்கே சாப்பிட்டாள் என்று மட்டும் சொன்னார். அந்தக் குறிப்புக்குப் பிறகும் அவளை ஊருக்கு அனுப்பவில்லை. கேளிக்கைக்காரியின் மேல் வந்த இரக்கம் அல்ல, சம்பளம் குறைத்தாலும் நிற்கிற பெண்ணாள் தேவைப்பட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் புல்வெட்டு கொடுத்தார்கள். கார்த்திகையில் செல்லப்பன் வந்து சேர்ந்தான், வேலை இல்லாமல், கூடுதலாக ஒரு வயிற்றோடு. அன்றைக்குத்தான் அவள் கணவனுடன் வசிப்பவள் ஆனாள். சின்னத்தம்பி மெதுவாக அழத் தொடங்கினான், பிறகு நன்றாக அழுதான். லயமே தூங்கவில்லை என்று சொல்லும்படி.

மணியம் பெரியவனாகி, பிள்ளை குட்டி பெற்ற பிறகும், அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் மலர்ந்துவிடுவான். அதுபோல ஒரு லீவு தன் ஆயுசில் வரவில்லை, தினமும் ஓர் ஊர், தினமும் விருந்து என்பான். ரயில் விஷயத்தில் மட்டும் அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று சேர்த்துக்கொள்வான்.

கருப்பாயி செய்தது இதுதான்: மே மாதத்தில் மூன்று பிள்ளைகளோடு லயத்திலிருந்து இறங்கினாள், புரட்டாசியில் புல்வெட்டுக்குப் பெயர் கூப்பிட்டபோது, மூன்று பிள்ளைகளோடு பெரட்டில் போய் நின்றாள்.